வல்லநாட்டுக்கு எந்த பைனாகுலர், கூந்தன்குளத்துக்கு எந்த ஸ்கோப்

பைனாகுலர் வாங்கப் போகிறேன் என்று சொல்கிற யாரும் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" என்பதுதான். விற்கிறவரும் அதைத்தான் முதலில் சொல்வார். திருநெல்வேலிப் பக்கத்தில் மானும் பறவையும் பார்த்துத் திரிகிறவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மடங்கு கடைசியாகக் கேட்க வேண்டியது. எவ்வளவு தூரம் சுமக்கப் போகிறீர்கள், எந்த நேரத்து வெளிச்சத்தில் பார்க்கப் போகிறீர்கள், கையில் பிடித்தா, எதன் மேலாவது ஊன்றியா என்பதெல்லாம் முடிவான பிறகு மடங்கு தானாக வந்து நிற்கும்.

நம் சீமை தூரத்துப் பார்வைக்கு என்றே அமைந்த மண். மேற்கே பொதிகையும் களக்காட்டு மலையும். கிழக்கே போகப் போகப் பனங்காடும் செம்மண் தேரியும். நடுவில் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு மறுகால் பாயும் குளங்கள். தூத்துக்குடி சாலையில் தன்னந்தனியாக வல்லநாட்டு மலை. வல்லநாடு இப்போது தூத்துக்குடி மாவட்டம்; 1986-ல் பிரிவதற்கு முன்பு நம்மோடு இருந்ததுதான். அந்த மலையடியில் வெளிமான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பூநாரை, கூழைக்கடா, குளிர்காலத்தில் வரித்தலை வாத்து. முண்டந்துறையில் மிளா என்கிற கடமானும் புள்ளிமானும். அதற்கும் மேலே புல்லும் பாறையுமான முகடுகளில் வரையாடு. இத்தனைக்கும் ஒரே கண்ணாடி போதுமா என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பேன். எந்தக் கண்ணாடி என்பதில்தான் பேச்சு இருக்கிறது.

இந்த விஷயத்தில் நான் அதிகம் கற்றது அமெரிக்காவின் மேற்கு மலைகளில் முதுகுப்பையோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம். அங்கே அது உரிமம், பருவம், ஆளுக்கு இத்தனை என்ற அனுமதிச் சீட்டு எல்லாம் வைத்து நடக்கிற சட்டப்படியான வேட்டை. மியூல் டீர் என்று கழுதைக் காது கொண்ட பெரிய மானைத் தேடி, கூடாரமும் அடுப்பும் பல நாள் சாப்பாடும் முதுகில் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறார்கள். தோளில் ஏறும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் எந்த பைனாகுலரை எடுத்துப் போகிறார்கள், எதை வீட்டில் விட்டுப் போகிறார்கள் என்பதில் நமக்கு நிறைய விஷயம் இருக்கிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. அப்படி இருப்பது நல்லது என்று நினைக்கிறவன் நான். இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் தெற்குக் கோடி வல்லநாடுதான். சரணாலயத்தின் பரப்பே சுமார் 16 சதுர கிலோமீட்டர். அதற்குள் அவை இன்னும் துள்ளிக்கொண்டு இருக்கின்றன என்றால் அந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம். ஆகவே இந்தக் கட்டுரை பார்ப்பதற்காகவே பார்க்கிறவர்களுக்கு.

அந்த வேட்டைக்காரர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம், உட்காருவது. விடிவதற்கு முன்பே எதிர்ச் சரிவு முழுவதும் தெரிகிற ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, முதுகைப் பாறையில் சாய்த்து, காலுக்குப் பதிலாகக் கண்ணை நடக்க விடுகிறார்கள். நாமோ மான் பார்க்கப் போனால் நடந்துகொண்டே இருக்கிறோம். நடக்கிறவனை மான் முதலில் பார்த்துவிடும். உட்கார்ந்தவனுக்கும் ஒழுங்கு வேண்டும். சரிவின் மேல் மூலையில் தொடங்கி, இடமிருந்து வலமாக ஒரு பட்டை, கொஞ்சம் கீழே இறக்கி வலமிருந்து இடமாக அடுத்த பட்டை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியை அசைக்காமல் நாலைந்து மூச்சு நேரம். முழு மானைத் தேடினால் கிடைக்காது. நெட்டுக்குத்தான தண்டுகளுக்கு நடுவே படுக்கையாக ஒரு கோடு இருந்தால் அது முதுகு. காற்றில்லாத நேரத்தில் புதருக்குள் ஏதாவது படபடத்தால் அது காது. உடை மரத்து நிழலில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால் அது வயிறோ பின்புறமோ. இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

அசையாத கண்ணாடி வேண்டும் என்பதிலிருந்துதான் எண்களுக்கு வர வேண்டும். 8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 5.25 கிடைக்கும். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் விட்டம் அது, மி.மீ. கணக்கில். பைனாகுலரைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து வானத்தைப் பார்த்தால் கண்வில்லைகளில் இரண்டு வெள்ளை வட்டங்கள் தெரியும், அவைதான். 10×42-க்கு அது 4.2, 8×32-க்கு 4, 10×50-க்கு 5. உச்சி வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கிவிடும், அதனால் பகலில் எதை வைத்துப் பார்த்தாலும் பளிச்சென்றுதான் இருக்கும். வித்தியாசம் தெரிவது விடியலிலும் அந்தியிலும். இளவயதில் இருட்டில் ஏழு மி.மீ. வரை விரிகிற கண்மணி, ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே ஐந்துக்கு அருகே வருகிற கண்ணாடி நடுவயதுக்காரருக்கு முழுப் பலன் தரும்.

மிளா பார்க்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மிளா பகல் முழுக்கக் காட்டுக்குள் படுத்துக் கிடந்து பொழுது சாயும்போதுதான் திறந்த இடத்துக்கு வரும். காரையாறு, சேர்வலாறு பக்கம் அணை நீர் இறங்கிய கரைப் புல்லை, அனுமதித்த நேரத்துக்குள் தூரத்தில் நின்று பார்த்தால், மரக்கூட்டத்தின் ஓரத்தில் கருப்பாக ஒரு பாறை இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பாறை தலையைத் தூக்கும். மலை மேற்கே இருப்பதால் நமக்குப் பொழுது சீக்கிரமே மங்கிவிடுகிறது. அந்த நேரத்தில், கைக்குள் அடங்குகிற 10×25 கண்ணாடியில் அது பாறையாகவே இருந்துவிடும். 8×42-ல் கழுத்து மயிரும் கொம்பின் அடியும் பிரிந்து தெரியும். 10×25-ன் ஒளிவட்டம் 2.5 மி.மீ. மட்டுமே என்பதுதான் காரணம். பத்து மடங்கு இருந்து என்ன பயன்?

இனி எட்டா பத்தா என்ற கேள்வி. பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு. மேடேறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது இது நன்றாகத் தெரியும். பார்வைப் பரப்பும் குறையும். ஆயிரம் மீட்டர் தொலைவில் நல்ல 8×42 சுமார் 130, 140 மீட்டர் அகலத்தைக் காட்டும். 10×42 பொதுவாக 110-ஐச் சுற்றி. ஓடுகிற மானையும் பறக்கிற பறவையையும் பிடிக்க இந்த அகலம் பெரிய உதவி. அமெரிக்க மலை வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் 10×42-க்குப் போகிறார்கள், சரிதான். அவர்கள் ட்ரைபாடில் மாட்டி உட்கார்ந்த இடத்தில் மணிக்கணக்காகப் பார்க்கிறவர்கள். நாம் ஒரே காலையில் கம்பியில் உட்கார்ந்த பஞ்சுருட்டானையும் பார்ப்போம், அரை மைல் தள்ளி மேய்கிற இரலையையும், அதாவது ஆண் வெளிமானையும், பார்ப்போம். அதனால் முதல் கண்ணாடி 8×42 என்பதே என் தீர்ப்பு. எடை 600-லிருந்து 800 கிராமுக்குள் இருக்கும். கழுத்து வலிக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரை கிலோ அளவில் வரும் 8×32 நல்லது. அந்தியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த அளவானாலும் கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு, இரு தோளிலும் மாட்டி நெஞ்சில் நிற்கிற வார்ப்பட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சுமை குறைந்த மாதிரி இருக்கும்.

ஒன்றைக் கட்டாயம் தவிர்க்கச் சொல்வேன்: ஜூம் பைனாகுலர். பத்திலிருந்து முப்பது மடங்கு என்று போட்டிருக்கும். மடங்கை ஏற்ற ஏற்றப் படம் இருண்டு, பார்வைப் பரப்பு ஒடுங்கி, இரண்டு குழலும் ஒன்றுக்கொன்று விலகித் தலைவலி கொடுக்கும். சிவப்பாக மின்னும் லென்ஸ் போட்டதும் வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே வரும் படம் பச்சையோடிப் போகும். நம் பக்கத்து வெளிமான் ஆண்கள் வடக்கே இருப்பவை போல அட்டக்கருப்பாக மாறுவது குறைவு, கரும்பழுப்போடு நின்றுவிடும். எது முதிர்ந்த ஆண், எது இளசு என்று அந்தப் பழுப்பின் அடர்த்தியை வைத்துத்தான் பிரிக்கிறோம். நிறத்தைக் கெடுக்கிற கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்த வேலை நடக்காது.

வல்லநாட்டில் ஒரு காலை. மலையின் நிழல் இன்னும் சமவெளியில் கிடந்தது. குடை விரித்த மாதிரி நிற்கும் உடை மரங்களுக்கு நடுவே நான் பட்டை பட்டையாகத் தேடிக்கொண்டிருந்தேன். காட்டுக்கு வெளியே வயலோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருத்தர் துரட்டியை ஊன்றி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அங்கன என்னத்தப் பாக்கீய? அந்தா, மூணாவது உடைக்கு எடப்பக்கம் நிக்கில்லா."

வெறுங்கண்ணால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன மரத்தில் பார்வையை நிறுத்தி, தலையைக் குனியாமல், கண்ணை எடுக்காமல், கண்ணாடியை மட்டும் முகத்துக்குக் கொண்டுவந்தேன். பைனாகுலர் பிடிக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான வித்தை இதுதான். கண்ணாடியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இடம் தவறிவிடும். முதலில் ஒரு காது. பிறகு திருகிய கொம்பில் ஒன்று. பிறகு முழுசாக இரலை வெளியே வந்தது. மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பிரண்டையும் முதுகில் சாய்த்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். எதிரே கொம்பில்லாத பெட்டைகள் தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலரை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் கண்ணிடைத் தூரம் என்னுடையதைவிடக் குறைவு. நடுக்கீலை மடக்கிக் கொடுத்ததும் இரண்டு வட்டமும் ஒன்றாகிவிட்டது. "ஏ யப்பா, கண்ணுக்கு மை போட்டாப்ல வெள்ளையா வளையம்லா இருக்கு! இத்தன வருசமா பாக்கேன், இது தெரியலயே." ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை சோர்ந்ததும் துரட்டிக் கம்பைத் தரையில் ஊன்றி, கம்பையும் பைனாகுலரையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். படம் ஆடாமல் நின்றுவிட்டது. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கைத்தடி வைத்து நடக்கிறவர்கள் எல்லோரும் இப்படிச் செய்யலாம். கம்பு இல்லையென்றால் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றுங்கள்.

இதற்கு அடுத்த படி ட்ரைபாட். பைனாகுலரின் நடுக்கீல் முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். திருகினால் உள்ளே மரை. அதில் ஒரு இணைப்பான் மாட்டி கேமரா ட்ரைபாடில் வைக்கலாம். மரை இல்லாதவற்றுக்கு வார் போட்டுக் கட்டுகிற தட்டு கிடைக்கிறது. கையில் பிடித்த 10×42-ல் பார்த்துவிட்டு அதே கண்ணாடியை ட்ரைபாடில் வைத்துப் பாருங்கள். புதிதாக வேறு ஏதோ வாங்கியது போல இருக்கும். அறுநூறு மீட்டரில் ஈயை விரட்டும் காது தெரியும், அசை போடும் தாடை தெரியும். ஸ்கோப், அதாவது ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மடங்கு கூடிய குழல், வாங்கியே ஆக வேண்டும் என்று நினைக்கிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த இணைப்பானும் ஒரு கெட்டியான ட்ரைபாடும்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

வரையாடு பார்க்கவும் இதுவே போதும். பாறை நிறத்திலேயே இருக்கும் அந்த உருவம் நகர்ந்தால்தான் உண்டு. 2024-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒருங்கிணைந்த வரையாட்டுக் கணக்கெடுப்பில் இரண்டு பார்வையாளர்கள் தனித்தனியே பார்த்துப் பிறகு ஒப்பிடுகிற முறையையும் கையாண்டார்கள். மதிப்பீடு 1,031 என்று வந்தது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தவறவிடுவார் என்பதை ஏற்றுக்கொண்டே வகுத்த முறை அது. முகடுகளில் உட்கார்ந்து தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

அப்படியானால் ஸ்பாட்டிங் ஸ்கோப் எதற்கு? தேடுவதற்கு அல்ல. கண்டுபிடித்த ஒன்றிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு. அமெரிக்காவில் சில இடங்களில் கொம்பில் இத்தனை கிளை இருந்தால்தான் சுடலாம் என்று விதி உண்டு. ஒரு மைல் தள்ளி நிற்கும் மானின் கிளையை எண்ண, அதற்காகப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க, அவர்களுக்கு ஸ்கோப் வேண்டும். நமக்கு அந்தக் கேள்வி குளத்தில்தான் வரும். மங்கோலியாவில் வரித்தலை வாத்துகளுக்கு எழுத்தும் எண்ணும் பொறித்த கழுத்துப் பட்டை மாட்டுகிறார்கள். அப்படிப் பட்டை மாட்டிய வாத்துகள் இந்தியாவில் தென்பட்டிருக்கின்றன. இமயத்தைத் தாண்டி வந்து கூந்தன்குளத்தில் இறங்கிய ஒரு கூட்டத்தில் எதற்காவது பட்டை இருக்கிறதா, இருந்தால் என்ன எழுத்து? சேற்றோரத்தில் ஓடுகிற உள்ளானுக்குக் கால் மஞ்சளா, பச்சையா? வரையாட்டுக் கிடாவின் முதுகில் வெளிறிய திட்டு விழுந்துவிட்டதா? இப்படிப்பட்டவற்றுக்கு எட்டு மடங்கு போதாது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரியில் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், நடுக்குளத்து வாத்துக் கூட்டத்தை எண்ணுகிறவர்களுக்கும் ஸ்கோப் அருமை தெரியும்.

சந்தையில் வருவது பெரும்பாலும் 65 மி.மீ. அல்லது 80 மி.மீ. முன்லென்ஸ், 20 முதல் 60 மடங்கு ஜூம். (பைனாகுலரில் வேண்டாம் என்ற ஜூம் ஸ்கோப்பில் பரவாயில்லை, ஒரே குழல், விலகிப் போக இன்னொன்று இல்லை.) அந்த 60-ஐக் கண்டு மயங்க வேண்டாம். 65 மி.மீ. லென்ஸில் 60 மடங்குக்குப் போனால் ஒளிவட்டம் ஒரு மி.மீ.தான், படம் மங்கல். முப்பது மடங்கில் இரண்டு மி.மீ.க்கு மேல் கிடைக்கும், அங்கேதான் நம் வேலை நடக்கும். ஸ்கோப் நல்லதா இல்லையா என்பதைக் குறைந்த மடங்கில் அல்ல, நாற்பதுக்கு மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா விளிம்பு கட்டினால் கண்ணாடி சுமார். ஈடி (ED) என்ற தனிரகக் கண்ணாடி போட்டவற்றில் இது வெகுவாகக் குறையும். காசு கூடக் கொடுக்க வேண்டிய இடம் இது.

ஆனால் எந்தக் கண்ணாடியாலும் வெல்ல முடியாத ஒன்று நம் ஊரில் இருக்கிறது: கானல். தை மாசத்தில்கூட ஒன்பது, ஒன்பதரை மணி தாண்டினால் குளத்தின் காய்ந்த ஓரத்திலிருந்து வெக்கை எழும்பத் தொடங்கும். நாற்பது மடங்கில் பார்த்தால் பூநாரையின் கால்கள் கொதிக்கிற உலைக்குள் கிடக்கிற அரிசி மாதிரி நெளியும். மடங்கை ஏற்றினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். விலையுயர்ந்த ஸ்கோப்புக்கும் அதே கதிதான். செய்யக்கூடியவை கொஞ்சம்தான். விடியலில் போவது. இருபது, இருபத்தைந்து மடங்கோடு நிறுத்திக்கொள்வது. வெறும் மண்ணைத் தடவிப் போகிற பார்வைக்கோட்டை விட்டு, உயரமான இடத்திலிருந்து பார்ப்பது. வெக்கை தரையை ஒட்டித்தான் கடுமையாக இருக்கும். வல்லநாட்டில் சரிவில் நின்று சமவெளியைப் பார்ப்பது, சமவெளியில் நின்று சமவெளியைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

நல்லவேளையாக நம் குளங்களின் அமைப்பு விடியலுக்குச் சாதகம். நிலம் மலையிலிருந்து கிழக்கே சரிவதால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். தண்ணீர் மேற்கே விரிந்து கிடக்கும். காலையில் கரைமேல் பனைமர வரிசையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பறவையின் மேல் முழு வெளிச்சம், பின்னணியில் நீல மலை. அதே கரையில் மாலையில் நின்றால் கண்ணுக்கு நேரே வெயில், எல்லாம் கருநிழல். மாலையில் மேற்கே பார்த்துத் தேடும்போது ஒரு எச்சரிக்கையும் உண்டு. பைனாகுலரோ ஸ்கோப்போ ஒரு நொடி சூரியன் மேல் போய்விட்டாலும் கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது கிழக்கே திருப்பி நிற்க வைத்துக் கொடுங்கள்.

ஆடிக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டிச் சுற்றுகின்றன. அந்தப் பருவத்தில் ஒல்லி ட்ரைபாடின் மேல் ஸ்கோப்பை வைத்தால் பறவை துடித்துக்கொண்டே இருக்கும். நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. காலை முழுதாக நீட்டாமல், தரையில் உட்கார்ந்து பார்க்கிற உயரத்துக்கு வைத்து, பையை நடுவில் தொங்கவிட்டு, கரையின் மறைவில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். குனிந்து பார்க்கிற மாதிரி கண்வில்லை சாய்ந்திருக்கும் ஸ்கோப்புக்கு ட்ரைபாடைத் தாழ்வாக வைத்தால் போதும் என்பதால் காற்றுக்கு அதுவே தோது. அப்பாவும் பிள்ளையும் உயரத்தை மாற்றாமல் மாறி மாறிப் பார்க்கவும் வசதி. நேர்க்குழல் ஸ்கோப்பில் இலக்கைச் சட்டென்று பிடிக்கலாம், வண்டிச் சன்னலில் வைத்துப் பார்க்கலாம். குளத்துக்காரனாகிய என் ஓட்டு சாய்ந்ததற்குத்தான்.

எடைக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 65 மி.மீ. ஸ்கோப் ஒன்றரை கிலோவுக்கு நெருக்கி வரும். ஆடாத ட்ரைபாட் இன்னொரு ஒன்றரை. ஆக மூன்று கிலோ. மூன்று லிட்டர் தண்ணீரின் எடை. பங்குனி வெயிலில் நடக்கப் போகிறவன் எதைச் சுமக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடக்கிற இடத்துக்கு பைனாகுலரும் தண்ணீரும். வண்டி கரைவரை போகிற குளத்துக்கு ஸ்கோப். நாலு பேர் சேர்ந்து போகிற கூட்டமாக இருந்தால் ஆளுக்கொரு பைனாகுலர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்கோப் என்று பங்கு போட்டு வாங்குவது நல்லது. ஸ்கோப் எப்படியும் வரிசையில் நின்று பார்க்கிற பொருள்தான்.

விலை விஷயத்தில், சுவரோவ்ஸ்கி, லைக்கா, ஸைஸ் போன்றவற்றின் உயர்ரகங்கள் லட்சத்தைத் தாண்டும். அந்தியில் அவற்றின் அருமை உண்மையானது. ஆனால் நிகான் மொனார்க், வோர்டெக்ஸ் போன்ற நடுத்தர வரிசையிலேயே நம் தேவைக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. எல்லா லென்ஸ் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு, பேக்4 (BaK4) என்ற நல்ல ரகக் கண்ணாடியில் செய்த பிரிசம், நேர்க்குழல் (ரூஃப் பிரிசம்) வகையானால் பிரிசத்தின் மேல் ஃபேஸ் கோட்டிங் என்ற பூச்சு, உள்ளே நைட்ரஜன் நிரப்பித் தண்ணீர் புகாத உடல்: இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். தோள் அகன்ற பழைய பாணிப் போரோ பிரிசம் வகை அதே காசுக்கு நல்ல படம் தரும். கனமும் மழைக்கு ஆகாததும்தான் குறை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்வில்லையிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம் 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் படத்தின் ஓரம் வெட்டுப்படும்.

ஆன்லைனில் வரவழைத்தாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். கை நீட்டி வானத்தைப் பார்த்து அந்த வெள்ளை வட்டம் முழு வட்டமாக இருக்கிறதா பாருங்கள். ஓரம் சதுரமாகச் சாம்பல் கட்டினால் பிரிசம் மட்டம். டவுனுக்குப் போய் நெல்லையப்பர் கோயில் கோபுரக் கலசத்தை வெளிர்வானத்துக்கு எதிரே பாருங்கள். விளிம்பில் ஊதாவும் பச்சையும் எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். தூரத்து மின்கம்பி ஒன்றைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். இரண்டு குழலிலும் கம்பி ஒரே உயரத்தில் இல்லையென்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். வலது கண் வளையத்தைச் சரிசெய்ய, வலது லென்ஸை மூடி இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவாக்கி, பிறகு இடதை மூடி அதே பொருளை வலது வளையத்தால் தெளிவாக்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் உங்கள் கண்ணுக்கு அது நிரந்தரம். பைனாகுலர் மங்கல் என்று குறைப்படுகிற பலர் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

வாங்கிய பின் அதைக் கெடுப்பவை இரண்டு: தேரிப் புழுதியும் மலை ஈரமும். புழுதி படிந்த லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தால் மணல் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகுதான் லென்ஸ் துணி. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பக்கம் போய் வந்தால் அன்றிரவே பையிலிருந்து எடுத்து மின்விசிறிக் காற்றில் உலர வைத்து, மறுநாள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈரப் பையோடு பீரோவில் பூட்டினால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும், அது பூச்சையே தின்றுவிடும். பொட்டலத்து மணிகள் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். சமையலுக்கு வைத்திருக்கும் வாணலியாக மட்டும் அது இருக்க வேண்டாம்.